நிமிர்த்தி வைத்த கண்ணாடி

என் மகளைத் திருடி என்று யாரும் நேராகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் வேலை சுலபமாகப் போயிருக்கும். சொன்னவர் சிரித்துக்கொண்டே சொன்னார், கேட்டவர்கள் சிரித்துக்கொண்டே கேட்டார்கள். நடுவில் என் மகள் கையில் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள்.

சொன்னவர் என் சம்பந்தி. கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஜன்னல், மேஜை, அலமாரி என்று ஊரில் பாதிக் கட்டடங்களில் அவர் கடைக் கண்ணாடிதான் இருக்கும். சொன்ன இடம் அவருடைய அக்கா மகன் கட்டிய புது வீட்டில் நடந்த விருந்து. அன்று எனக்குக் காய்ச்சல், நான் போகவில்லை. போய்விட்டு வந்த என் மனைவி செருப்பைக் கழற்றும்போதே முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். மறுநாள் காலையில் நடந்ததை அவளிடம் கேட்டுக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

விஷயம் ஒரு டிவியைப் பற்றியது.

மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்த கையோடு, இரண்டு வீட்டுக்கும் ஒரே மாதிரி டிவி வாங்க வேண்டும் என்று சம்பந்தி ஆசைப்பட்டார். "ரெண்டு வீடும் ஒண்ணுன்னு வர்றவங்களுக்குத் தெரியட்டும்" என்றார். ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கினோம். கூடத்துச் சுவரில் பாதியை அடைத்துக்கொள்ளும் பெரிய டிவி. ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி வந்த அந்த இரண்டும் ஒரே நோயையும் கூடவே கொண்டுவந்திருந்தன.

முதலில் எங்கள் வீட்டு டிவி இருண்டது. சத்தம் வந்தது, படம் இல்லை. விடுமுறைக்கு வந்திருந்த மகள் கூடத்து ஜன்னல்களைச் சாத்திவிட்டு, திரையை ஒட்டி டார்ச்சைச் சாய்த்து அடித்துக் காட்டினாள். செய்தி வாசிக்கிற பெண் உள்ளே நிழல்போல் தெரிந்தாள்.

"படம் இருக்குப்பா. பின்னாடி இருக்கிற வெளிச்சம்தான் செத்துப்போச்சு."

திரைக்குப் பின்னால் பட்டி பட்டியாகச் சின்ன விளக்குகள் வரிசையில் ஒட்டியிருக்குமாம். ஒவ்வொரு விளக்கின் தலையிலும் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு லென்ஸ் கவிழ்த்து வைத்திருக்குமாம். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மின்சாரம் போவதால், ஒரு விளக்கு போனால் எல்லாமே இருண்டுவிடும். என் மகள் செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கிறவள். அரிசி அளவுப் பல்லில் பூ வேலை செய்கிற கைகள். புது விளக்குகளை ஒரு பொட்டலமாக வரவழைத்து, செத்ததைச் சுரண்டி எடுத்துவிட்டு, புதியதைப் பற்றவைத்து எங்கள் டிவியை எழுப்பிவிட்டாள். எங்கள் வீட்டில் எந்தப் பொருளும் பழுது என்று வாசலைத் தாண்டிப் போனதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்கிறேனா என்றால், ஆமாம், பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

கொஞ்ச நாளில் சம்பந்தி வீட்டு டிவியும் அதே மாதிரி இருண்டது. அதே பொட்டலத்திலிருந்து ஒரு விளக்கை எடுத்து அதையும் அவளே சரி செய்தாள். அன்றைக்கு சம்பந்தி எனக்குப் போன் போட்டு, "பொண்ணா பெத்திருக்கீங்க சம்பந்தி, ஒரு பட்டறையையே பெத்திருக்கீங்க" என்றார். நானும் மகிழ்ந்துபோய்விட்டேன்.

பிறகு அவர்கள் வீட்டுத் திரையில் ஓரிடத்தில் வெள்ளையாக ஒரு வட்டம் விழுந்தது. படம் எதுவானாலும் அந்த இடத்தில் ஒரு நிலா. யார் வந்து செய்தி வாசித்தாலும் நெற்றியில் அந்த நிலா. விருந்தில் யாரோ அதைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். சம்பந்தி சிரித்துக்கொண்டே சொன்ன பதில் இது:

"எங்க டிவியோட நல்ல உயிரு சம்பந்தி வீட்டுக்குப் போயிடுச்சு. அவங்க டிவியோட அரை உயிரு இங்க வந்துடுச்சு. மருமக ஆபரேஷன் பண்ணா அப்படித்தான். பொறந்த வீட்டுப் பாசம் விடுமா?"

அதாவது, அவர்கள் டிவியிலிருந்த நல்ல விளக்குப் பட்டிகளை என் மகள் கழற்றி எங்களுக்குக் கொடுத்துவிட்டு, எங்கள் வீட்டுப் பழசை அங்கே ஒட்டிவிட்டாளாம்.

நான் எடையளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். அடியில் துளை போட்டு மெழுகு அடைத்த எடைக்கல்லைக் கையில் தூக்கிப் பார்த்தே சொல்வேன். ஆய்வுக்குப் போன கடையில் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்தது கிடையாது. அப்படிப்பட்டவன் வீட்டுக் கூடத்தில் திருட்டு விளக்கு எரிகிறது என்று ஒரு கூட்டமே சிரித்திருக்கிறது.

"விளையாட்டுக்குச் சொன்னதுங்க. பெருசு பண்ணாதீங்க" என்றாள் மனைவி.

"விளையாட்டுன்னா நீ ஏன் சிரிக்கல?"

நான் போனை எடுத்தேன்.

"சம்பந்தி, ஞாயித்துக்கிழமை காலைல வர்றேன். உங்க டிவியைத் திறக்கணும். உள்ள எதைக் கழட்டினாங்க, எதை மாட்டினாங்கன்னு பார்த்துடலாம்."

"அட, என்ன சம்பந்தி. ஒரு வார்த்தை விளையாட்டுக்குச் சொன்னேன். அதைப் போயி…"

"விருந்துல சிரிச்சவங்களும் வரட்டும்."

"எல்லாரையும் கூப்பிட என் வீடு என்ன சினிமாக் கொட்டகையா?"

"அப்போ உங்க அக்காவை மட்டும் வரச் சொல்லுங்க. அவங்ககிட்டச் சொன்னா ஊர் பூராச் சொன்ன மாதிரி."

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. "வாங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

அன்று மாலை மகள் போனில் பேசினாள். "அப்பா, வராதீங்க. நான் பார்த்துக்கிறேன்."

"என்னத்தைப் பார்த்துப்ப? தட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னியாமே, அந்த மாதிரியா?"

அவளும் வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது கூடத்தை ஒழித்து நடுவில் ஒரு மெத்தை போட்டிருந்தார்கள். மாப்பிள்ளை எழுந்து நின்றார். நல்லவர். நல்லவர் என்பதற்கு மேல் அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் கிடைத்ததில்லை. சம்பந்தியின் அக்கா சோபாவில் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, வழக்கு கேட்க வந்தவர் போல உட்கார்ந்திருந்தார். சம்பந்தியம்மா காபியோடு வந்தார்கள்.

"முதல்ல டிவியைத் திறப்போம்" என்றேன்.

"காபி ஆறிடுமே."

"ஆறட்டும்மா."

சம்பந்தி தன் அக்காவைப் பார்த்து, "எடைக்கல்லை முழுங்கின மாதிரி நிக்கிறாரு பாரு" என்றார், எனக்குக் கேட்கும்படியாகவே.

"முழுங்கினாலும் சரியான எடைக்கல்லா முழுங்குவேன் சம்பந்தி."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

மகள் என்னைப் பார்க்கவே இல்லை. தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, அவளும் மாப்பிள்ளையுமாகச் சுவரிலிருந்து டிவியை இறக்கி மெத்தையில் குப்புறப் போட்டார்கள். கழற்றிய திருகுகளை, எந்த இடத்துத் திருகு எங்கே என்று தெரியும்படி முட்டை அட்டையின் குழிகளில் போட்டுக்கொண்டே வந்தாள். பின்மூடி வந்தது. நடுவில் இருந்த மின் பலகைகளிலிருந்து பட்டை வயர்களை நகத்தால் நிமிண்டி எடுத்தாள். பிறகு டிவியை மல்லாக்கத் திருப்பி, விளிம்புச் சட்டத்தைச் சுற்றிலும் மெல்ல நெம்பி விடுவித்தாள். இப்போது திரைக் கண்ணாடி எதிலும் ஒட்டாமல் மேலே சும்மா கிடந்தது.

"இதை மட்டும் கவனமாத் தூக்கணும்" என்றாள். "பாருங்க, கீழ் விளிம்பு பூரா ஃபிலிம் மாதிரி மெல்லிசா ஒட்டிக்கிட்டு இருக்கு. படம் இது வழியாத்தான் கண்ணாடிக்குப் போகுது. இதுல ஒண்ணு மடங்கினாலும் முடிஞ்சுது. நாலு பேர் நாலு மூலை பிடிக்கணும். படுத்த வாக்குலயே தூக்கி, உள் ரூம்ல கட்டில் மேல படுக்கப் போடணும்."

"நாலு பேரா?" என்றார் சம்பந்தி. உள்ளே போய், கடையிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த ரப்பர் பிடிகளை எடுத்து வந்தார். கண்ணாடியில் வைத்து அழுத்தினால் அட்டைப் பூச்சிபோல் கவ்விக்கொள்பவை. "ஆளுயரக் கண்ணாடியை ஒத்தையா மாடிக்கு ஏத்தினவன் நான். இது வெறும் அப்பளம். ஒரு பக்கம் நான். இன்னொரு பக்கம் யாராவது சும்மா பிடிச்சாப் போதும்."

"அந்தப் பக்கம் நான்" என்றேன்.

மகள் அப்போதுதான் என்னைப் பார்த்தாள். "அப்பா, நீங்க வேண்டாம். அவர் பிடிக்கட்டும்."

"வேண்டாம்மா. நாளைக்கு யாரும், புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து எதையோ மறைச்சுட்டாங்கன்னு பேசக் கூடாது. பழி சொன்னவர் ஒரு பக்கம் பிடிக்கட்டும். பழி கேட்டவன் ஒரு பக்கம் பிடிக்கிறேன்."

"யாரு பழி சொன்னா?" என்றார் சம்பந்தி.

"தூக்குங்க முதல்ல."

தூக்கினோம். அவ்வளவு பெரிய கண்ணாடிக்கு அத்தனை குறைந்த எடை இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நடுவில் லேசாகத் தொய்ந்து, உயிருள்ளதுபோல் நடுங்கியது. எதிர்ப் பக்கம் சம்பந்தியின் முகம் எனக்கு நேராக இருந்தது. அவர் கை நடுங்கவில்லை. என் கை நடுங்கியது. கோபத்தால் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

"மெதுவா. கட்டில் பக்கம் திரும்புங்க" என்றாள் மகள். அவள் எதிரே குனிந்து, அந்த ஃபிலிமோடு சேர்ந்து தொங்கிய நீள மின் பலகையை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டு கூடவே நகர்ந்தாள்.

அறைக் கதவு குறுகலானது. படுத்த வாக்கில் கண்ணாடி உள்ளே போகாது. அதை யாரும் முன்னால் பார்த்து வைக்கவில்லை. சம்பந்தி ஒரு நொடி நின்றார். பிறகு அவருடைய கைகள் தாமாகவே வேலை செய்தன. கடையில் வாழ்நாள் முழுக்க எப்படிச் செய்தாரோ அப்படியே, கண்ணாடியை என் பிடியோடு சேர்த்து நிமிர்த்திக்கொண்டு, சுவரோரம் கிடந்த இரண்டு மரக் கட்டைகளைக் காலால் தள்ளி, கீழ் விளிம்பை அதன் மேல் ஊன்றி, சுவரில் சாய்த்தார். அவர் கடையில் எல்லாக் கண்ணாடியும் அப்படித்தான் நிற்கும்.

"மாமா, நிமிர்த்தாதீங்க. படுக்கப் போடணும்" என்றாள் மகள். பலகை அவள் கையை விட்டுப் போயிருந்தது.

"கண்ணாடியைப் படுக்கப் போட்டா தன் கனத்துலயே முறியும்மா. நிக்க வச்சா நூறு வருஷம் நிக்கும். கண்ணாடியைப் பத்தி எனக்குப் பாடம் எடுக்காதே."

என் கையிலும் ஒரு முனை இருந்தது. நான் விட்டுக்கொடுக்காமல் எதிர்த்து இழுத்திருந்தால் அது நடுவில் முறிந்திருக்கும். அதனால் அவர் போக்கில் விட்டேன். அது தவிர, என் கண் கண்ணாடியில் இல்லை. திறந்து கிடந்த டிவியின் வயிற்றில் இருந்தது.

மகள் மண்டியிட்டு அந்தக் கீழ் விளிம்பை ஒருமுறை பார்த்தாள். பிறகு எழுந்து, ஒன்றும் சொல்லாமல் மெத்தைக்கு வந்தாள். பால் நிறத் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து வரிசை மாறாமல் வைத்தாள். கடைசியாக ஓட்டை ஓட்டையாக இருந்த வெள்ளை விரிப்பை உரித்தாள். அடியில் பட்டிகள்.

"பெரிய அத்தை, கிட்ட வந்து பாருங்க" என்றாள். "அப்பா, நீங்க தள்ளி நில்லுங்க. மாமா, நீங்களும் பாருங்க. இது ஃபேக்டரில ஒட்டின பட்டி. பெயர்த்தா அடியில இருக்கிற வெள்ளைப் பூச்சோட சேர்ந்துதான் வரும். திரும்ப ஒட்டினா ஓரத்துல சொறி மாதிரி தெரியும். எங்கயாவது தெரியுதா?"

சம்பந்தியின் அக்கா தரையில் கையை ஊன்றி உட்கார்ந்தார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை பார்த்தார். விரல் நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"டேய் தம்பி" என்றார் கடைசியில். "இதுல ஒண்ணும் பேந்த மாதிரி இல்லையேடா."

"நல்லாப் பாரு அக்கா."

"நல்லாத்தான் பார்த்தேன். இதோ இந்த ஒரு விளக்கு மட்டும் புதுசாத் தெரியுது. மத்ததெல்லாம் பொறந்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு."

"அந்த ஒண்ணு நான் போட்டது" என்றாள் மகள். "பட்டியைப் பெயர்க்காம, இருந்த இடத்துலயே வச்சுப் போட்டது." பிறகு மூலையில் உருண்டு கிடந்த ஒரு சின்ன லென்ஸை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். "உங்க நிலா இதுதான். இங்க பாருங்க, இந்த விளக்கு தலையில குல்லா இல்லாம நிக்குது. காலைலேர்ந்து ராத்திரிவரைக்கும் வெளிச்சத்தை முழுசா வச்சு ஓட்டினா சூட்டுல பசை விட்டுடும். இது நான் தொட்ட விளக்குகூட இல்ல."

நான் சம்பந்தி பக்கம் திரும்பினேன். இந்த நிமிஷத்துக்காகத்தான் வந்திருந்தேன்.

"சொல்லுங்க சம்பந்தி."

"என்னத்தைச் சொல்ல?"

"விருந்துல சொன்னீங்களே, அந்த வார்த்தையைத் திருப்பி எடுத்துக்கிறேன்னு சொல்லுங்க. உங்க அக்கா இருக்காங்க. சத்தமாச் சொல்லுங்க."

"நான்தான் விளையாட்டுன்னு சொல்லிட்டேனே. விளையாட்டை எப்படித் திருப்பி எடுத்துக்கிறது?"

"விளையாட்டா இருந்தா, உங்க அக்கா பார்க்கும்போது உங்களுக்கு ஏன் வேர்த்துச்சு?"

மாப்பிள்ளை, "மாமா, காபி ஏதாவது…" என்று ஆரம்பித்தார். நான் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்.

மகள் எங்கள் இருவரையும் கவனிக்கவே இல்லை. லென்ஸின் மூன்று கால்களிலும் பசை தொட்டு வைத்து ஒட்டினாள். காயும்வரை விரலால் காற்றடித்தாள். விரிப்பு, தாள்கள் என்று எல்லாம் திரும்பி வந்தன. கண்ணாடியைத் தூக்க என்னையும் சம்பந்தியையும் அவள் கூப்பிடவில்லை. அவளும் மாப்பிள்ளையும் சம்பந்தியம்மாவும் அந்த அக்காவுமாக நாலு மூலை பிடித்துத் தூக்கி வைத்தார்கள். நாங்கள் இருவரும் எதிரெதிர்ச் சுவரில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

சட்டத்தையும் வயர்களையும் திரும்ப மாட்டி டிவியைப் போட்டார்கள்.

நிலா போயிருந்தது. அதோடு பாதிப் படமும் போயிருந்தது. திரையின் இடது பாதி முழுக்க மேலிருந்து கீழாகக் கோடுகள். பச்சை, சிவப்பு, வெள்ளை. மறு பாதியில் யாரோ ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். அவருடைய ஒரு காதும் அரை மூக்கும் மட்டும் தெரிந்தன.

கொஞ்ச நேரம் அந்த அரை மனிதர் மட்டும்தான் பேசினார்.

"பார்த்தீங்களா" என்றார் சம்பந்தி. "நான் சொல்லல? சும்மா இருந்ததைத் திறந்தா இப்படித்தான் ஆகும். அந்த நிலா ஒண்ணோட போயிருக்கும். இப்போ மொத்தமாப் போச்சு. திருப்திதானே?"

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. என்ன பேசினேன் என்பது முழுக்க நினைவில் இல்லை. கண்ணாடியை நிமிர்த்தாதீர்கள் என்று அவள் சொன்னதை அத்தனை பேரும் கேட்டார்கள் என்றேன். ஜன்னல் கண்ணாடிக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாதவர் என் மகளின் கையைக் குறை சொல்ல வந்துவிட்டார் என்றேன். முதலில் அவளைத் திருடி ஆக்கினீர்கள், இப்போது கைவேலை தெரியாதவள் ஆக்குகிறீர்கள், அடுத்து என்ன வைத்திருக்கிறீர்கள் என்றேன். சம்பந்தியும் விடவில்லை. என் வீட்டுக்குள் வந்து என் கூடத்தில் நின்று என்னையே அதட்டுகிற துணிச்சல் உங்கள் உத்தியோகத்தில் வந்தது, நான் உங்கள் தராசுக்குக் கட்டுப்பட்ட மளிகைக் கடைக்காரன் இல்லை என்றார். சம்பந்தியம்மா அவர் கையைப் பிடித்து இழுத்தார்கள்.

நடுவில் அந்த அக்கா, நல்லது செய்கிற நினைப்பில் ஒன்று சொன்னார். "ஏன் இந்தச் சண்டை? ரெண்டு வீட்டுலயும் ஒரே டிவிதானே. அவங்க வீட்டுக் கண்ணாடியைக் கழட்டி இதுல மாட்டிட்டாப் போச்சு. சம்பந்தி வேற வாங்கிக்கட்டும்."

"நல்லா இருக்கும்மா" என்றேன். "என் வீட்டுக் கண்ணாடி இந்த வாசல்படி ஏறினா, நாளைக்கு நீங்களே சொல்லுவீங்க, எடுத்துக்கிட்டுப் போனதைத் திருப்பிக் கொண்டாந்து வச்சாங்கன்னு. அதுக்கு என் டிவியை நானே ரோட்டுல போட்டு மிதிப்பேன்."

"அப்பா" என்றாள் மகள்.

சத்தமாகச் சொல்லவில்லை. கூடத்தைப் பெருக்கி முடித்தவள்போல் நிதானமாக டிவியை அணைத்துவிட்டு, தன் ஸ்குரூ டிரைவர்களைத் துணியில் வரிசையாக அடுக்கிச் சுருட்டினாள்.

"மாமா, நீங்க அதை ஊன்றினப்பவே ஃபிலிம் மடங்கிடுச்சு. நான் பார்த்தேன்."

"பார்த்தியா? அப்போ ஏன் சொல்லல?" என்றார் அவர்.

"சொல்லியிருந்தா சண்டை அங்கயே ஆரம்பிச்சிருக்கும். பட்டியை யாரும் பார்த்திருக்க மாட்டீங்க. டிவி போனா போகட்டும், பெரிய அத்தை பட்டியைப் பார்க்கணும்னு நெனச்சேன்."

அவள் துணிச் சுருளைக் கட்டினாள்.

"இனிமே இந்த வீட்டுல நான் ஒரு திருகைக்கூடத் தொட மாட்டேன் மாமா. மிக்ஸி நின்னா கடைக்குக் கொடுத்துடுங்க. தண்ணி மோட்டார் நின்னா ஆளைக் கூப்பிடுங்க. நான் கை வச்சு நல்லா ஓடுற வரைக்கும் அது இந்த வீட்டுப் பொருள். கெட்டுப்போனா மட்டும் எங்க அப்பா வீட்டுக்குப் போயிடுது. நான் இங்கதான் சாப்பிடறேன். இங்கதான் தூங்கறேன். வர்ற சம்பளத்தை இங்கதான் போடறேன். என் வீட்டுல நானே எதுக்கு மாமா திருடணும்?"

என் வீடு என்று அவள் சொன்னது அந்த வீட்டை. எனக்கு அது சுருக்கென்று தைத்தது. காலையிலிருந்து நான் காப்பாற்ற நின்றது என் வீட்டின் பேரை. அவள் அந்தக் கூடத்தின் நடுவில் நின்று கேட்டது வேறொன்று.

சம்பந்தி நாற்காலியில் உட்கார்ந்தார். ரப்பர் பிடிகள் இன்னும் அவர் கையில் இருந்தன. அவற்றை மடியில் வைத்துக்கொண்டு, ஒன்றின் விளிம்பைக் கட்டை விரலால் தடவிக்கொண்டிருந்தார். பிறகு தலையை நிமிர்த்தாமல், எதிரில் நின்றவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் ஏதோ சொன்னார். "தப்பும்மா" என்பது என் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு வந்த வார்த்தைகள் விழவில்லை.

"சத்தமாச் சொல்லுங்க சம்பந்தி" என்றேன். "விருந்துல சொன்னது மாதிரி சொல்லுங்க."

மகள் என் பக்கம் திரும்பினாள்.

"எனக்குக் கேட்டுச்சுப்பா."

"எனக்குக் கேட்கல. அவங்க அக்காவுக்கும் கேட்டிருக்காது."

"சொன்னது என்னை. கேட்க வேண்டியது நான். கேட்டுச்சு. போதும், கிளம்புங்க."

அவள் குரலில் கெஞ்சல் இல்லை. சின்ன வயதில் அவளைப் பள்ளிக்குக் கிளப்பும்போது நான் எப்படிச் சொல்வேனோ அப்படிச் சொன்னாள். நான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கிளம்பினேன். சம்பந்தியம்மா, "ஒரு வாய் காபியாவது…" என்று பின்னாலேயே வந்தார்கள். அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூட வாயில் படாமல் வெளியே வந்தேன்.

வெளிக்கதவுவரை மகள் வந்தாள். "அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க போய் எதையும் சொல்ல வேண்டாம்" என்றாள். பிறகு, "கை ரொம்ப நடுங்குச்சேப்பா. டாக்டர்கிட்டக் காட்டுங்க" என்றாள்.

"கோபம்மா அது."

"சரி. அந்தக் கோபத்தைக் காட்டுங்க டாக்டர்கிட்ட."

சிரிக்காமல்தான் சொன்னாள். நானும் சிரிக்கவில்லை.

அந்த வீட்டில் இப்போது வேறு டிவி இருக்கிறது. இந்த முறை எங்களைப் போலவே வாங்க வேண்டும் என்று யாருக்கும் ஆசை வரவில்லை. சம்பந்தியின் அக்கா, தான் கண்ணால் பார்த்ததை விருந்துக்கு வந்த எல்லாரிடமும் சொல்லி முடித்துவிட்டதாக என் மனைவிக்குத் தகவல் வந்திருக்கிறது. போன மாதம் அங்கே தண்ணீர் மோட்டார் நின்றபோது சம்பந்தியே மருமகளிடம் போய் நின்று கேட்டாராம், அவளும் பார்த்துக் கொடுத்தாளாம். இதையெல்லாம் சொல்லிவிட்டு, "இன்னும் என்னங்க வேணும் உங்களுக்கு?" என்று கேட்கிறாள் மனைவி.

எனக்கு என்ன வேண்டும் என்பது எனக்குத் தெரியும். மகள் ஏற்றுக்கொண்டாள், அது அவள் பெருந்தன்மை. நான் ஏற்கவில்லை. அன்றைக்கு விருந்தில் சிரித்துக்கொண்டு சொன்ன சத்தத்தில் பாதியாவது அந்த "தப்பும்மா"வுக்கு இருந்திருக்க வேண்டும்.